ஸ்டோமாவை மூடியாச்சு, ஒரு நாளைக்கு 16 தடவை: அப்பாவுக்கு இது எப்போது நிற்கும்?

9 மார்ச் 2024, மாலை 6:20 (கேள்வி)

அப்பாவுக்கு 61 வயது. மலக்குடல் புற்றுநோய். ரேடியேஷன், ஆப்பரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, வயிற்றில் வைத்திருந்த ஸ்டோமாவையும் (மலம் பையில் விழுவதற்காக வயிற்றில் குடலைத் திறந்து வைக்கிற வாய்) மூடி ஐந்து வாரம் ஆகிறது. பையை எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தோம். நேற்று மட்டும் 16 தடவை மலம் கழிக்கப் போனார். டாக்டரிடம் கேட்டால் "போகப்போகச் சரியாகிவிடும்" என்கிறார். அப்பா வெறுத்துப்போய், "பையையே மறுபடி வைத்துவிடச் சொல்" என்கிறார். இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

9 மார்ச் 2024, இரவு 9:45

தம்பி, தாண்டி வந்தேன் என்று சொல்லமாட்டேன். பழகிவிட்டேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். எனக்கு ஆப்பரேஷன் 2021 ஜூலை, மூடியது 2022 பிப்ரவரி. கட்டி ஆசனவாயிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. தையல் கடை வைத்திருக்கிறேன்.

முதலில் அந்த 16-ஐப் பிரித்துப் பாருங்கள். நாள் முழுக்கப் பரவலாகப் போனாரா, இல்லை காலையில் ஏழு, மத்தியானம் சாப்பிட்டதும் ஐந்து என்று கொத்தாகப் போனாரா? வருகிறது என்று தெரிந்ததிலிருந்து எவ்வளவு நேரம் அடக்க முடிகிறது? இரவில் எழுந்தாரா? அப்பா எண்ணிக்கையைத்தான் சொல்வார், எண்ணுவதுதான் சுலபம். ஆளைப் படுத்துவது மற்றவைதான்.

என் கதையைச் சொல்கிறேன். மூடி மூன்றாம் மாதம் கடையைத் திறந்தேன். முதல் வாரமே ஒரு பெண்ணுக்கு ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். தோள் எடுத்தாச்சு, மார்பு 36 என்று சொல்லி வாயை மூடவில்லை, வந்துவிட்டது. இன்ச் டேப்பை அவள் தோளிலேயே போட்டுவிட்டு ஓடினேன். போனேன், எழுந்தேன், கை கழுவினேன், மறுபடி உட்கார்ந்தேன். இப்படி நாலு தடவை. திரும்பி வர இருபது நிமிஷம். அவள் டேப்போடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். போதாததற்குக் கை அளவைத் தானே எடுத்து நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள். அந்தக் கை இரண்டு இன்ச் பெரிசாகப் போய்விட்டது, அது தனிக் கதை.

அந்த நாலும் நாலு தடவை கணக்கில்லை. ஒரே தடவை, நாலு தவணை.

9 மார்ச் 2024, இரவு 11:50

தூக்கம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

மலக்குடல் என்பது 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சேமிப்புப் பை. வருவதை வாங்கி விரிந்து கொடுக்கும், நேரம் வரும்வரை வைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே ஆசனவாயில் வந்திருப்பது காற்றா, தண்ணீரா, கட்டியா என்று தொட்டுப் பார்த்துச் சொல்கிற நரம்புகள் இருக்கின்றன. இவ்வளவு வேலையையும் நமக்குத் தெரியாமலே ஐம்பது வருஷம் செய்துகொண்டிருந்தது.

ஆப்பரேஷனில் அந்தப் பையை எடுத்துவிட்டு மேலே இருந்த பெருங்குடலை இழுத்துக் கொண்டுவந்து கீழே இணைக்கிறார்கள். பெருங்குடலுக்குத் தெரிந்த வேலை தள்ளிவிடுவது. வைத்துக்கொள்ள அது பழகவில்லை. கொசுவம் வைத்த பாவாடையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சுடிதார் பேன்ட்டின் ஒரு காலை வைத்துத் தைத்த மாதிரி. துணி நல்ல துணிதான், விரிவதற்குத்தான் இடமில்லை. ரேடியேஷன் வாங்கிய இடம் வேறு விறைத்துப்போயிருக்கும். இதுபோக, கொஞ்ச மாதம் வயிற்றில் வைத்த ஸ்டோமா வழியாகவே போனதால் கீழ்ப்பக்கம் வேலையில்லாமல் கிடந்தது. அப்பாவுக்கு ஐந்து வாரம்தானே? இப்போதுதான் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

10 மார்ச் 2024, காலை 7:10

"இணைத்த இடம் பிரிந்திருக்குமோ" என்று தம்பி கேட்டிருக்கிறார். அடிக்கடி போவது மட்டுமே அதற்கு அடையாளம் இல்லை. காய்ச்சல், குளிர், அடிவயிற்றிலோ இடுப்பின் உள்ளேயோ ஓயாத வலி, சீழ், ரத்தம் என்று எதுவாவது இருந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே கூட்டிப்போங்கள்.

இணைப்பைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. பெரும்பாலும் ஊசி நூலால் தைப்பதில்லை, வட்ட ஸ்டேப்லர் ஒன்றை ஆசனவாய் வழியாக விட்டு ஒரே அழுத்து. வெட்டுவதும் பின் அடிப்பதும் சேர்ந்தே நடக்கும். மிஷினில் இரண்டு வட்டத் துண்டு மிஞ்சும், வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு. இரண்டும் அறுபடாமல் முழு வட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் இடுப்புக்குள் உப்புத்தண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழிருந்து காற்றடித்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதேதான். டாக்டர் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்து தையல் வலித்தது.

12 மார்ச் 2024

அப்பாவை ஒரு தாளில் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். மலக்குடலை எடுத்து இணைத்தபின் வருகிற இந்தத் தொந்தரவுக்கு லார்ஸ் (LARS, ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயரே இருக்கிறது. 2012-ல் டென்மார்க் மருத்துவர்கள் ஐந்தே கேள்வியில் ஓர் அளவுகோல் செய்திருக்கிறார்கள். என் மகள் தேடிக் கொடுத்தாள். பெயர் இருக்கிறது என்று தெரிந்த அன்றே எனக்குப் பாதி பயம் போனது.

காற்றை அடக்க முடியவில்லையா, அதற்கு 7 வரை. தண்ணீராகக் கசிகிறதா, 3 வரை. நாளைக்கு எத்தனை தடவை, 4 வரை. போய்வந்து ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போகவேண்டியிருக்கிறதா, 11 வரை. ஓடவேண்டிய அளவுக்கு அவசரமா, 16 வரை. மொத்தம் 42. கூட்டினால் 20 வரை வந்தால் பெரிதாக ஒன்றுமில்லை, 21 முதல் 29 வரை லேசான லார்ஸ், 30-உம் அதற்கு மேலும் கடுமையானது.

எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று பார்த்தீர்களா? 16 தடவை போனதற்கு அப்பாவுக்குக் கிடைப்பது வெறும் 4. ஓடுகிறாரே, அதற்குத்தான் 16. உயிரை எடுப்பது எது என்று நோயாளிகளைக் கேட்டே போட்ட கணக்கு அது.

மூடிய ஆறாம் மாதம் எனக்கு 41.

13 மார்ச் 2024

7, 3, 4, 11, 16 கூட்டினால் 41தானே வருகிறது, 42 எங்கே என்று ஒருவர் பிடித்துவிட்டார். தினமும் பில் போடுகிறவள் நான், வெட்கக்கேடு. "எத்தனை தடவை" என்பதற்கு அதிகபட்சம் 5. அந்த 5 யாருக்கு என்றால், நாளைக்கு ஒரு தடவைகூடப் போகாதவருக்கு! 7-க்கு மேல் போகிறவருக்கு 4, 4 முதல் 7 வரை என்றால் 2, 1 முதல் 3 என்றால் சைபர். வராமல் அடைத்துக்கொண்டு கிடப்பதும் இதே நோயின் இன்னொரு முகம்தான். எனக்கும் இரண்டு நாள் ஒன்றுமில்லாமல் இருந்து மூன்றாம் நாள் வெள்ளம் வந்ததுண்டு. என் 41 மட்டும் சரியான 41.

14 மார்ச் 2024

அப்பாவுக்கு 38-ஆம். சரி, இனி இதுதான் அளவு. மாதம் ஒரு தடவை போட்டு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது" என்று ஆரம்பிக்காமல் "38" என்று ஆரம்பியுங்கள்.

20 மார்ச் 2024

அப்பா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார், மத்தியானம் பட்டினி என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். நானும் அதைத்தான் செய்தேன். வெளியே போகும் நாளில் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் கிடையாது. ஆறு கிலோ இறங்கி, என் ரவிக்கையை நானே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். வெறும் வயிற்றில் குடல் சும்மா இருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. காற்றும் சளியுமாக வந்து, கடைசியில் சாப்பிட்டதும் மொத்தமாகப் பிடுங்கிக்கொள்ளும்.

வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிப்பது எல்லாருக்கும் உள்ள பழக்கம். நமக்கு இடையில் தாங்கிக்கொள்ளப் பை இல்லை, அதனால் நேரே வாசலுக்கு வந்துவிடுகிறது. அளவைக் குறைத்து நேரம் தவறாமல் சாப்பிட்டால், எப்போது வரும் என்றாவது தெரியும். எனக்கு அதுவே பெரிய விடுதலை. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு முன்னாலேயே.

எனக்கு எதிரிகள்: பச்சை வெங்காயம், முருங்கைக்கீரை, மக்காச்சோளம், ஃபில்டர் காபி. நண்பர்கள்: ஜவ்வரிசிக் கஞ்சி, குழைந்த தயிர் சாதம், இட்லி, வாழைப்பழம். இதை அப்படியே பின்பற்றாதீர்கள். இரண்டு வாரம் நோட்டுப் போட்டு அப்பாவின் பட்டியலை அப்பாவே கண்டுபிடிக்கட்டும்.

2 ஏப்ரல் 2024

இசப்கோல் (தண்ணீரில் ஊறிக் கொழகொழப்பாகும் நார்ப்பொடி) கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகிறது என்கிறீர்கள். எவ்வளவு தண்ணீரில் கலக்கிறீர்கள்? மலச்சிக்கல்காரர்கள் மாதிரி இரண்டு டம்ளர் ஊற்றினால் இளகத்தான் செய்யும். நமக்கு வேண்டியது கெட்டிப்படுத்துவது. அரை டம்ளரில் கலந்து, அது கொழகொழவென்று ஆவதற்குள் குடிக்கவேண்டும். வெறும் பொடியாக வாயில் போட்டுவிடக் கூடாது, தொண்டையில் அடைக்கும். எனக்கு இதைச் சொன்னது ஸ்டோமா நர்ஸ். அதற்குமுன் நாலு மாதம் தப்பாகத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

லோபரமைடு மாத்திரையும் உண்டு. டாக்டரைக் கேட்டு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பேதி ஆனபின் போடுகிற மாத்திரை என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். நமக்கு அது முன்கூட்டிப் போடுகிற தாழ்ப்பாள். கல்யாணத்துக்குப் போகிற ஆசையில் நான் ஒருநாள் சொன்னதைவிட அதிகம் போட்டுவிட்டேன். மூன்று நாள் கல். பேராசை வேண்டாம்.

3 ஏப்ரல் 2024

எரிச்சல். எழுத மறந்தேன். காகிதத்தால் துடைக்கவே துடைக்காதீர்கள், தண்ணீர்தான். தேய்க்காமல் பழைய மல் வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, தேங்காய் எண்ணெயோ துத்தநாகக் களிம்போ பூசவேண்டும். போய்வந்தபின் பூசுவதைவிடப் போவதற்குமுன் பூசுவது நல்லது, இதை நானே கண்டுபிடித்தேன். வீட்டில் நாலு முழ வேட்டி ஒன்றைச் சதுரம் சதுரமாக வெட்டி ஓரம் அடித்து வைத்திருக்கிறேன். அது என் கணவருடையது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

11 ஏப்ரல் 2024

அப்பா நாப்கின் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாராம், பொம்பளை சமாச்சாரமாம். நாங்கள் பதின்மூன்று வயதிலிருந்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம், நாற்று நட்டோம், பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம். அதைச் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் கருப்புக் கலரில் இரண்டு ஜட்டி வாங்கி உள்ளே பருத்தியில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுங்கள். வெளியே தெரியாது. பையில் ஒரு மாற்று வேட்டி இருந்தால் பாதி அவசரம் தானாகவே குறைகிறது. பயமும் குடலை முடுக்கும்.

18 மே 2024

பை இன்னும் வைத்திருக்கிற ஒரு தங்கை தனியாகக் கேட்டார், இங்கேயே எழுதுகிறேன். வெயில் காலம். சிறுகுடலில் போட்ட ஸ்டோமா என்றால் உப்பும் தண்ணீரும் சேர்ந்தே போய்விடும். நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, கால் ஆடுசதை இழுத்தால் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளக் கூடாது. இன்னும் அதிகமாகத்தான் வெளியே போகும். ஓஆர்எஸ் குடியுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டி எல்லாம் தலைதட்டி. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் பையில் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குச் சொல்லவேண்டும்.

பிளாஸ்டிக் தோலில் ஒட்டி வேர்க்குரு வருகிறது என்றாரே, அதற்கு உறை தைத்துக்கொள்ளலாம். ரவிக்கை லைனிங் துணி போதும், ரூபியா என்றால் இன்னும் நல்லது. பையைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, சுற்றிலும் முக்கால் இன்ச் விட்டு வெட்டுங்கள். பின்பக்கத்தை இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி வைத்தால் அந்த வழியாகப் பையை நுழைக்கலாம், தலையணை உறை மாதிரி. கீழே கொட்டுகிற வாய்க்குத் தைக்காமல் விட்டுவிட வேண்டும். முதல் உறையில் நான் அதையும் சேர்த்துத் தைத்துவிட்டேன்.

9 ஜூன் 2024

ஒரு தப்பு ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய பதிவுகளில் எல்லாம் எனக்கு உள்ளே ஜே பை வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். குடலின் நுனியை 5, 6 சென்டிமீட்டர் மடித்து, ஆங்கில ஜே எழுத்து மாதிரி, உள்ளே திறந்துவிட்டு ஒரு சின்னப் பாக்கெட் ஆக்குவது. ஆப்பரேஷனுக்கு முன் டாக்டர் படம் போட்டுக் காட்டினார், அதையே நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று மகள் டிஸ்சார்ஜ் தாளை முழுசாகப் படித்தாள். பாக்கெட் இல்லை, நேர் இணைப்பு. மடிக்கிற அளவுக்குக் குடல் கீழே இறங்கி வரவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறது. மூன்று வருஷமாக இல்லாத பாக்கெட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் படித்துப் பார்த்தால், பாக்கெட் வைத்தவர்களுக்கு முதல் ஒன்று, ஒன்றரை வருஷம் சௌகரியம், அதற்குப்பின் நேர் இணைப்புக்காரர்களும் கிட்டத்தட்ட அவர்களைப் பிடித்துவிடுகிறார்கள். தம்பி, அப்பாவின் தாளையும் எடுத்துப் பாருங்கள். இணைப்பு எத்தனை சென்டிமீட்டரில் என்று இருக்கும். கீழே போகப்போகக் கஷ்டம் கூடும்.

4 ஆகஸ்ட் 2024

நீளமாக எழுதுகிறேன், முக்கியமானது இதுதான்.

ஆறு மாதம் ஆகியும் அப்பாவுக்கு 36 என்றால், மாத்திரை, சாப்பாடு, பயிற்சி மூன்றும் செய்தும் அப்படித்தான் என்றால், கீழிருந்து தண்ணீர் ஏற்றிக் கழுவுவதைப் பற்றிக் கேளுங்கள். எனிமா என்று நினைத்து முகத்தைச் சுளிக்காதீர்கள். இதற்கென்றே கூம்பு முனையோ பலூன் முனையோ உள்ள கருவி இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், முதலில் கொஞ்சமாக ஆரம்பித்து மெல்ல அளவைக் கூட்டுவது. கீழ்ப் பெருங்குடல் மொத்தமாகக் காலியாகிவிடும். அது மறுபடி நிறையும்வரை நமக்கு ஓய்வு. எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், விடிகாலை நாலரைக்கு, முக்கால் மணி நேரம். அதன்பின் மறுநாள் மாலைவரை நான் ஒரு சாதாரண மனுஷி.

வீட்டில் தானாக ஆரம்பிக்கவே கூடாது. இணைப்பு நன்றாக ஆறியிருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டும். முதல் தடவை நர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லித்தரவேண்டும். அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழுந்துவிடுவதும் உண்டு.

2023 ஏப்ரலில் ஆரம்பித்தேன். மூடி பதினாலு மாதம் கழித்து! அதுவரை ஒருவரும் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பெயர் சொல்லமாட்டேன், கட்டியை அருமையாக எடுத்தார்கள், ஒவ்வொரு தடவையும் ஸ்கேனைப் பார்த்து "சூப்பர்" என்றார்கள். "நாளைக்கு எத்தனை தடவை ஓடுகிறாய்" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. "போகப்போக" என்பார்கள். போய்க்கொண்டேதான் இருந்தேன்.

41-லிருந்து இப்போது 26.

5 ஆகஸ்ட் 2024

"என்ன பயிற்சி" என்று கேட்டவருக்கு: காற்றை அடக்குகிற மாதிரி ஆசனவாயை உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்து விடுவது. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. நான் தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டே செய்வேன், ஒரு பாபின் நூல் தீரும்போது ஒரு சுற்று. அவசரம் வந்ததும் ஓடாமல் உட்கார்ந்து ஒரு நிமிஷம் பொறுப்பது, அப்புறம் இரண்டு, அப்புறம் ஐந்து. முதலில் கழிப்பறைக்குள்ளேயே உட்கார்ந்து பழகுங்கள்.

22 செப்டம்பர் 2024

ஆப்பரேஷனே இல்லாமல் முடியாதா என்று புதிதாக ஒருவர். சிலருக்கு முடிகிறது. ரேடியேஷனிலும் கீமோவிலும் கட்டி முழுசாகக் கரைந்துபோனால் வெட்டாமல் விட்டு, அடிக்கடி விரலாலும் கேமராவாலும் ஸ்கேனிலும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பிரேசிலில் ஆஞ்செலிதா ஹப்ர்-காமா என்ற டாக்டரம்மா 2004-ல் இதை எழுதியபோது பலர் நம்பவில்லையாம். எனக்கு 28 நாள் ரேடியேஷனில் பாதிதான் சுருங்கியது. உங்கள் டாக்டரைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

நம் நிலைமையைக் குறை சொல்லும்போது நான் இதையும் நினைத்துக்கொள்வேன். 1908-ல் மைல்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் சொன்ன முறைப்படி மலக்குடலை ஆசனவாயோடு சேர்த்து எடுத்துவிட்டு, ஆயுசுக்கும் பைதான். ரொம்ப காலம் அதுதான் வழி. 1982-ல் அதே இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் ஊரில் ஹீல்ட் என்ற டாக்டர், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழிக்காமல் முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது குறைகிறது என்று காட்டினார். இவ்வளவு கீழே வெட்டி இணைக்கிற துணிச்சல் பரவியது அதற்கப்புறம்தான். பிழைக்கவைத்துவிட்டார்கள், மிச்சம் இது.

3 நவம்பர் 2024

தீபாவளி முடிந்தது. இரண்டு வாரம் ராத்திரி ஒரு மணிவரை தையல், நேரம் தப்பிய சாப்பாடு, கழுவுவதும் இரண்டு தடவை விட்டுப்போனது. பலன் கைமேல். வெட்டிப்போட்ட பட்டுக்கு நடுவில்... விடுங்கள். பட்டு தப்பித்தது.

முன்பு யாருக்கோ "ஒன்றரை வருஷத்தில் எல்லாம் அடங்கிவிடும்" என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முதல் ஒன்று, ஒன்றரை வருஷத்தில் நல்ல முன்னேற்றம் இருக்கும், அது உண்மை. அதன்பிறகும் பலருக்கு மிச்சம் இருக்கும். என் 26 இனி 20-க்குக் கீழே இறங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்று, காபியை வீணாகத் திட்டிவிட்டேன். கடுங்காபி குடித்தால் ஒன்றுமே ஆகவில்லை. பால்தான்.

4 நவம்பர் 2024

"அப்படியென்றால் அப்பா கேட்டது மாதிரி பையே நல்லதா" என்று தம்பி கேட்பது நியாயம்தான். சிலருக்கு நல்லதுதான். எல்லாம் செய்து பார்த்தும் வீட்டைவிட்டு வெளியே வரமுடியவில்லை என்றால், நிரந்தரமாகப் பை வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். தோற்றுப்போனதாக அவர்கள் யாரும் நினைக்கவில்லை. ஐந்து வாரத்தில் முடிவு செய்யவேண்டாம் என்றுதான் மார்ச்சில் எனக்குச் சொல்லத் தோன்றியது. இப்போது அப்பா கழுவ ஆரம்பித்து எத்தனை வாரம்? நம்பரைச் சொல்லுங்கள்.

5 நவம்பர் 2024

29-ஆ! ஒரே ஒரு நம்பர் கீழே. எல்லையில்தான் நிற்கிறார், ஆனாலும் இந்தப் பக்கம் நிற்கிறார்.

19 ஜனவரி 2025

தங்கை மகள் கல்யாணத்துக்கு அப்பா ரயிலில் போகிறாராம், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். முன்பதிவில் கழிப்பறையை ஒட்டின பெர்த் கிடைத்தால் எல்லாரும் முகத்தைத் தூக்குவார்கள், நீங்கள் அதையே கேட்டு வாங்குங்கள். கீழ் பெர்த். ஏறுகிற அன்று காலை கழுவிவிட்டு, இரவுச் சாப்பாடு தயிர் சாதமாகக் கையில். ஒரு வாளிக் குவளை, ஒரு பாட்டில் தண்ணீர், எண்ணெய், வேட்டித் துண்டுகள். மண்டபத்தில் நுழைந்ததும் முதல் வேலை கழிப்பறை எங்கே என்று பார்த்துவைப்பது. அப்புறம்தான் மாப்பிள்ளை வீட்டார்.

சொல்ல மறந்தேனே, என்னிடமும் ஒரு கல்யாண ஆர்டர். மார்ச்சில் எழுதினேனே, டேப்போடு நின்ற அந்தப் பெண், நேற்று நாலு ரவிக்கைத் துணியோடு வந்தாள். நான் டேப்பை எடுப்பதற்குள், "அக்கா, முதல்ல நீங்க போய்ட்டு வந்துடுங்க" என்றாள். போய்விட்டுத்தான் வந்தேன். 36 இப்போது 38. கை அளவை நானே எடுத்தேன்.